ஓக் கட்டை மணப்பெண்ணும் அவள் தோழியும்

பிளாட்டேயா ஊரில் கம்பளி விற்கும் கபிசியாஸ் வாய் திறந்தால் பேரம்தான். ஆட்டுக்காரன் சொன்ன விலையில் பாதி கேட்பான். மருத்துவன் இரண்டு கிண்ணம் கசாயம் குடி என்றால் ஒன்று போதாதா என்பான். பதினொரு வருஷம் பொறுத்த மனைவி கல்லிஸ் ஒருநாள், "உங்களோட மல்லுக்கட்டி அலுத்துப் போச்சு. பத்து நாள் அம்மா வீட்டுல இருந்துட்டு வரேன்" என்றாள். தராசிலிருந்து தலையைத் தூக்காமலே இவன், "அஞ்சு நாள்" என்றான்.

அன்றைக்குப் போனவள்தான். நாற்பது நாளாயிற்று. தானே காய்ச்சிய பார்லிக் கஞ்சியைக் குடித்துக் குடித்து இவன் பாதியாகிவிட்டான்.

வண்டிக்காரன் பூகாட்டஸ்தான் வழி சொன்னான். "டேய், இந்த ஊர்ல பொறந்துட்டு இதுக்கா முழிக்கிறே? ஜீயஸ் என்ன செஞ்சாரு?"

மனைவி ஹீரா கோபித்துக்கொண்டு போனபோது அந்தத் தேவராசன் ஓக் கட்டை ஒன்றைச் செதுக்கி, முக்காடு போட்டு, மாட்டு வண்டியில் ஏற்றி, புதுக் கல்யாணம் என்று ஊர்வலம் விட்டான். பதறி ஓடிவந்த ஹீரா முக்காட்டைக் கிழித்தாள், கட்டையைக் கண்டு சிரித்தாள், புருஷனோடு சேர்ந்தாள். அந்தக் கூத்துக்கு இந்த ஊர் திருவிழாவே எடுக்கிறது.

மறுநாள் காலையில் முக்காடு போட்ட ஓக் கட்டையை ஏற்றிக்கொண்டு குழலோசையோடு பூகாட்டஸின் வண்டி புறப்பட்டது. பாதி ஊர் பின்னால் ஆடிக்கொண்டு போயிற்று. மாமியார் வீட்டு வாசலில் வண்டி நின்றதும், மாவுக் கையோடு கல்லிஸ் வெளியே வந்தாள்.

"கட்டைதானே?"

கபிசியாஸின் முகம் தொங்கிப் போயிற்று. இந்தக் கதை தெரியாத ஒரே பெண் ஹீராதான் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஆமா... ஆனா நல்ல வைரம் பாஞ்ச கட்டை" என்றான்.

"தோழிப்பொண்ணு எங்க? துணைக்கு ஆளில்லாம ஒரு பொண்ணை இழுத்துட்டுப் போறீங்களே, வெக்கமா இல்ல? தள்ளுங்க!"

ஏறிக் கட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேவிட்டாள். தெரு ஆரவாரித்தது. கட்டையின் வாயருகே காதை வைத்துக் கேட்டவள் நிமிர்ந்தாள்.

"மாப்பிள்ளே, பொண்ணுக்குக் கூச்சம். நான்தான் பேசணுமாம். உங்க வீடு வர்றதுக்குள்ள அவ கேக்கறதுல ஒண்ணைக் குறைச்சாலும் நாங்க ரெண்டு பேரும் எங்கம்மா வீட்டுக்கே திரும்பிடுவோம். மாசம் நாலு நாள் தாய் வீட்டுக்குப் போவாளாம்."

"ரெ..." என்று ஆரம்பித்தவனின் விலாவில் பூகாட்டஸ் சாட்டைக் கம்பால் இடித்தான். "ரெ... ரொம்ப சந்தோஷம்!"

"கட்டைக்குத் தாய் வீடு எது?" என்று கறிக்கடைக்காரன் கத்தினான்.

"அதோ, மலை மேல இருக்கிற காடு! ஏறி இறங்கவே நாலு நாளாகும், வழியை விடு!" என்றாள் கல்லிஸ். "அடுத்தது. கடைக்கு வர்ற வெள்ளைக் கம்பளில முதல் கம்பளி அவளுக்கு."

'அரைக் கம்பளி' என்ற சொல் அவன் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. விழுங்கினான். "சரி."

வண்டி திரும்பியது. புதுமணத் தம்பதி தலையில் கொட்ட, உலர்ந்த அத்திப்பழமும் கொட்டைகளும் அள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டுப் பெண்கள் அவன் வாசலில் நின்றார்கள். கல்லிஸ் இந்தத் தடவை கட்டையிடம் குனியவில்லை.

"கடைசியா ஒண்ணு. நடந்ததுல பாதித் தப்பு உங்க மேல, பாதி எம்மேல. சம்மதமா?"

"சரின்னு சொல்லித் தொலைடா!" என்று பூகாட்டஸ் பல்லைக் கடித்தான்.

"முடியாது" என்றான் கபிசியாஸ்.

குழல்காரன் ஊதுவதை நிறுத்திவிட்டான்.

"பாதி பத்தாது. முழுசும் எம்மேல."

"குறைக்கலையே, ஏத்தியில்ல இருக்கான்!" என்று கறிக்கடைக்காரன் தீர்ப்புச் சொன்னான்.

கல்லிஸ் அவனையே பார்த்தாள். உதட்டைக் கடித்து அடக்கியும் சிரிப்பு பீறிட்டுவிட்டது. "முக்கால்" என்றாள்.

"முழுசு."

"முக்காலுக்கு மேல ஒரு துளி தர மாட்டேன்! பதினொரு வருஷம் உங்ககிட்டத்தானே குப்பை கொட்டினேன், எனக்கு மட்டும் பேரம் தெரியாதா?"

பொறுமையிழந்த பெண்கள் அத்திப்பழத்தை மாரியாகப் பொழிந்தார்கள். தலையை மூடிக்கொண்டு அவள் குதித்து வீட்டுக்குள் ஓட, இவன் பின்னாலேயே ஓடினான். கதவைச் சாத்திய பிறகும் தெருமுனை வரை கேட்டது.

"முக்கால்!"

"முழுசு!"