சுடாத குண்டம்

எலி காலை எடுப்பதற்கு முன்பே ஐயாசாமி அண்ணன் எலியை எடுத்துவிட்டார். அந்த வாரத்தில் இது நாலாவது தடவை. ஸ்டாப்வாட்ச்சை நிறுத்திவிட்டு அவரை முறைத்தேன். ஐம்பத்திரண்டு டிகிரி சூட்டுத் தட்டிலிருந்து தூக்கிய எலியின் பாதத்தை அவர் ஊதிக்கொண்டிருந்தார். சுட்டு, எலி தானாகக் காலை உதறினால் அந்த நொடியை எழுத வேண்டும். உதறாவிட்டால் முப்பதாவது நொடியில் தூக்கிவிட வேண்டும், அதற்கு மேல் போனால் பாதம் வெந்துவிடும். இவர் இருபதிலேயே தூக்கினார்.

"அதுக்குத் தெரியாதுங்க அம்மணி. நமக்குத் தெரியுதில்லீங்க" என்றார்.

கோயமுத்தூரில் அந்தக் கல்லூரி ஆய்வகத்தில் நான் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். எலிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அண்ணனுக்கு. மிளகாயில் உறைப்பைத் தருகிற பொருளை மட்டும் பிரித்தெடுத்து, பிறந்து இரண்டு நாளான எலிக்குட்டிக்கு ஊசி போட்டால், வலியையும் சூட்டையும் தண்டுவடத்துக்குக் கொண்டுபோகும் மெல்லிய நரம்பிழைகள் செத்துப்போகும். எலி வளரும், ஓடும், தின்னும். சுட்டால் மட்டும் சட்டென்று தெரியாது. பிறகு தண்டுவடத்தை மெல்லிசாகச் சீவி, எந்த இழைகள் எங்கே இல்லாமல் போயின என்று நுண்ணோக்கியில் பார்ப்பேன். வலி போகும் வழியை அடைத்து வழியைக் கண்டுபிடிக்கிற வேலை. இதைச் சொன்னபோது அண்ணன், வலியே தெரியாத இதுகள் கொடுத்துவைத்தவை என்றார். கூண்டுக் கம்பியில் விரல் கிழிந்த எலி ஒன்று இரண்டு நாள் சாதாரணமாகத் திரிந்ததைப் பார்த்தபின் அப்படிச் சொல்வதை நிறுத்திக்கொண்டார். அன்றிலிருந்து காலையில் வந்ததும் ஒவ்வொரு எலியின் பாதத்தையும் புரட்டிப் பார்ப்பார். நான் சொல்லிக் கொடுத்த வேலையல்ல அது.

மாசியில் நாலு நாள் லீவு போட்டுவிட்டு, கிணத்துக்கடவுக்குப் பக்கத்திலிருக்கும் தன் ஊர் அம்மன் கோயிலில் குண்டம் மிதிக்கப் போனார். போன வருடம் நெருப்பில் பாதி தூரம் போனவர் சூடு தாங்காமல் பக்கவாட்டில் குதித்துவிட்டார். விரதத்தில் ஏதோ குறை என்று ஊரில் பேசினார்கள். மச்சினன் சென்னிமலை விருந்துக்கு விருந்து அதை நடித்துக் காட்டிச் சிரித்தான். அந்த ஒரு வருடமும் அண்ணன் எந்த விசேஷத்துக்கும் போகவில்லை. கேட்டால், எலிக்குத் தண்ணி வைக்கணும் என்பார்.

திங்கட்கிழமை திரும்பி வந்தவர் வேறு ஆளாக இருந்தார். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, நெற்றி நிறையத் திருநீறு, எனக்கும் ஒரு பொட்டலம்.

"இந்தத்தடவ மெதுவா நடந்தனுங்க அம்மணி. துளி சுடலீங்க. ஆத்தா குளுர வெச்சுப்போட்டாளுங்க."

ஊரே பார்த்ததாம். சென்னிமலை அவர் காலில் விழுந்து கும்பிட்டானாம். அந்த முகத்தைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. திருநீறை வாங்கிப் பூசிக்கொண்டேன். அவர் கூண்டுகள் பக்கம் திரும்பி நடந்தபோதுதான் கவனித்தேன். ஒரு காலில்தான் ரப்பர் செருப்பு இருந்தது. வெறுங்கால் பட்ட இடமெல்லாம் சிமெண்ட் தரையில் ஈரத்தடம்.

போன மாதமும் அப்படித்தான் ஒற்றைச் செருப்போடு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். எங்கே கழன்றது என்றே தெரியவில்லை என்று அவரும் எங்களோடு சேர்ந்து சிரித்தார். கொஞ்ச நாளாகச் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பதையும், வேலை நடுவில் நாலு முறை வெளியே போய்வருவதையும் கேலி செய்திருக்கிறேன். சர்க்கரை நோய் பாதத்து நரம்புகளை எப்படி மரத்துப்போகச் செய்யும் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

சொன்னால் அவர் மறுபடியும் பாதியில் குதித்தவராகிவிடுவார். ஆத்தாவும் இல்லை என்றாகிவிடும். சொல்லாவிட்டால் கால் போய்விடும். சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம், இன்று ஒரு பகலாவது அந்த முகத்தோடு இருக்கட்டும் என்று கோழைத்தனமாக நினைத்தேன். அவர் அதற்குள் முதல் கூண்டைத் திறந்து, எலியின் பாதத்தைப் புரட்டி வெளிச்சத்தில் காட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, அத வெச்சுட்டு இந்த ஸ்டூல்ல உக்காருங்க. காலக் கொஞ்சம் காட்டுங்க."

"அய்யோ, எங்காலயா? வேண்டாமுங்க."

"உக்காருங்கண்ணா. கண்ண மூடிக்கங்க. நான் தொட்டாச் சொல்லுங்க."

கூச்சத்தோடு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். உள்ளங்காலில் கொப்புளங்கள் உடைந்து, சாம்பல் ஒட்டிச் சிவந்து கிடந்தது. எலிகளுக்குத் தொடுவுணர்வு பார்ப்பதற்காகக் குச்சி முனையில் ஒட்டிவைத்திருந்த நைலான் இழையை எடுத்தேன். புண்ணில்லாத இடமாகப் பார்த்துப் பெருவிரலுக்கடியில் வைத்து அழுத்தினேன். இழை வளைந்தது. அவர் பேசவில்லை. நடுப்பாதத்தில் வைத்தேன். குதிகாலில் வைத்தேன். இன்னும் தடித்த இழையை எடுத்து, அது வில்லாக வளையும்வரை அழுத்திப் பிடித்தேன்.

மஞ்சள் கயிறு கட்டிய கையை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, நான் சொன்னதைத் தவறாமல் செய்துவிட வேண்டும் என்ற கவனத்தோடு அவர் தலையைச் சற்றுச் சாய்த்திருந்தார்.

"ஆரம்பிச்சுக்குங்க அம்மணி" என்றார், கண்ணைத் திறக்காமல். "தொட்டதும் சொல்லிப்போடறனுங்க."