நத்தைக்குளத்து அலுவலகம்

ஒரு குளம் மாடிப்படி ஏறும் சத்தத்தை நான் முதன்முதலாகக் கேட்டது வேலையில் சேர்ந்த ஆண்டு. சளக் என்று ஒரு படி. மூச்சு வாங்குவதுபோல் ஒரு நிறுத்தம். மறுபடி சளக். அந்நாளில் புறம்போக்கு நிலங்களெல்லாம் ஆண்டுக்கொரு முறை, ஜமாபந்தி என்ற நிலக்கணக்குத் தணிக்கை நாளில், நகரத்திலிருந்த எங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்து, தாம் இன்னும் இருப்பதைக் காட்டிவிட்டுப் போகவேண்டும். அலுவலகம் இரண்டாவது மாடியில் இருந்தது.

மற்ற நிலங்களுக்கு இதில் பெரிய சிரமமில்லை. மேய்ச்சல் நிலங்கள் பாய்போல் சுருண்டு வந்து வராந்தாவில் விரிந்துகொள்ளும். ஒரு கரட்டுக் குன்று மட்டும் மின்விசிறிக்கு அடியில் இடம் கேட்கும். நத்தைக்குளத்தின் பாடுதான் பாவம். பேருந்து குலுங்கும்போதெல்லாம் அது சிந்தியது. துணைக்கு வரும் ஒச்சம்மா, சிந்தியதைச் சேலைத் தலைப்பால் ஒற்றி அதன்மேலேயே பிழிந்துவிடுவாள். அவள் ஆடு வளர்ப்பவள். அவளுடைய ஆடுகளுக்கு அந்தப் பக்கத்தில் வேறு தண்ணீர் கிடையாது. மழையே பார்க்காத எங்கள் ஊரில், அலுவலகப் படிக்கட்டில் மட்டும் பாசி படர்ந்திருந்தது.

வட்டாட்சியர் எபனேசர் நல்ல மனிதர். குளம் உள்ளே வந்தால் எழுந்து நிற்பார். பிறகு அளவுகோலை இறக்கிப் பார்ப்பார். முதலில் இடுப்பளவு இருந்தது. சில ஆண்டுகளில் முழங்காலளவு ஆயிற்று. கடைசியாக வந்தபோது தவளைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன.

"அடுத்த வருசம் நான் மட்டுந்தான் வருவேன் சார்," என்றாள் ஒச்சம்மா. "கொளம் எங்கன்னு கேப்பீக. பஸ்ஸுலயும் உங்க படியிலயும் கெடக்குன்னு சொல்லுவேன்."

எபனேசர் கண்ணாடியைக் கழற்றினார். வராவிட்டால் குளம் இல்லை என்றாகிவிடும். இல்லாத குளத்தை யாரும் மனை போட்டு விற்கலாம். வந்தால் வற்றிவிடும். மேலே எழுதிக் கேட்பதாகச் சொன்னார். மேலே என்றால் மூணாவது மாடியா, அங்கேயும் இது ஏறவேண்டுமா என்று அவள் கேட்டாள்.

அடுத்த ஜமாபந்திக்குள் உத்தரவு வந்தது. அலுவலகங்கள் தாம் கவனிக்கும் நிலங்களுக்கு அருகே செல்லவேண்டும். மேசைகளையும் என் தட்டச்சுப் பொறியையும் லாரியில் ஏற்றிக்கொண்டு குளக்கரைக்குப் போனோம். எவ்வளவு அருகே என்று உத்தரவில் இல்லாததால், எபனேசர் தம் மேசையை நீர் விளிம்பிலேயே போடச் சொன்னார்.

ஜமாபந்தியன்று காலை, குளம் வழக்கம்போல் புறப்படுவதற்காக ஒரு பக்கமாகத் தன்னை மடித்துக்கொண்டது. ஒச்சம்மா அதைத் தட்டிக்கொடுத்தாள்.

"சும்மா கெட. அவுகளே வந்துட்டாக."

குளம் கொஞ்ச நேரம் நம்பவில்லை. பிறகு மெல்ல மடிப்பை விட்டது. தண்ணீர் தன் இடத்தில் பரவிப் படுக்கும் ஓசை, தூக்கம் வரப்போகும் குழந்தையின் முனகல்போல இருந்தது. நானும் எத்தனையோ ஆண்டுகளாகப் பிடித்துவைத்திருந்த ஒரு மூச்சை விட்டேன்.

அலைச்சல் நின்றதும் குளம் தேறத் தொடங்கியது. ஐப்பசியில் மேசைக் கால்களைத் தொட்டது. கார்த்திகையில் நாங்கள் நாற்காலிமேல் சம்மணமிட்டு வேலை பார்த்தோம். எனக்கு நீச்சல் தெரியாதென்பதால் கரையில் ஓர் இடம் ஒதுக்கினார்கள். எபனேசர் இடம் மாறவில்லை. அருகே போகச் சொல்லித்தான் உத்தரவு, விலகச் சொல்லி இல்லை என்றார். மார்கழியில் தண்ணீர் அவர் தலைக்குமேல் போனது. அதன்பின் மனுக்களைக் கல்லில் கட்டி இறக்கினோம். மாலைக்குள் கையெழுத்தோடு மேலே வந்துவிடும். ஆடுகள் வரிசையாக நின்று குடிக்கும்போது அவருக்கு வெளிச்சம் கொஞ்சம் குறைந்திருக்கும். அதைப் பற்றி அவர் ஒருபோதும் எழுதவில்லை.

அந்த அலுவலகத்திலிருந்தே அவர் ஓய்வு பெற்றார். பூமாலையை ஒச்சம்மாதான் நீரில் இறக்கினாள். சொந்த ஊருக்கு அவர் போகவில்லை. மதகுக்குப் பக்கத்தில், அடித்தளத்தில், வாடகைக்குக் குடியிருக்கிறார்.