சீட்டை விடாத ஆள்

ஹேர்னிங் என்ற ஐரோப்பிய நகரில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் தமிழ்ச் சனம் கூடிப் போக்கர்ச் சீட்டாட்டப் போட்டி வைத்தார்கள். காசு கிடையாது. வெல்பவருக்கு ஒரு கிண்ணம், அவ்வளவுதான். கஜதீபன் அடுத்த ஊரான சில்க்போர்க்கில் இருந்து காரில் போனான். போக்கரில் அவனுக்குப் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை ஜன்னல் தொழிற்சாலையில் வேலை முடிந்தால் திங்கள் காலைவரை ஒருவரோடும் வாய் திறக்காத வாழ்க்கை அவனுக்கு இரண்டு வருசமாக நடந்துகொண்டிருந்தது. நாலு பேரோடு ஒரு மேசையில் இருந்தால் போதும் என்றுதான் வந்தான்.

அந்த மேசையில் இராசரத்தினமும் இருந்தார். துணி ஆலையில் முப்பது வருசம் வேலை செய்து ஓய்வுபெற்றவர். ஹேர்னிங்கில் அவரைத் தெரியாத ஆள் இல்லை. தன் முறை வரமுன்னமே, காசுக்குப் பதிலாக வைத்த பிளாஸ்டிக் சிப்ஸைத் தள்ளுவார். யாராவது யோசித்துக்கொண்டிருந்தால், "உவரிட்டை ஒண்டுமில்லை, சும்மா வெருட்டுறார்" என்று சத்தமாகச் சொல்லுவார். மற்றவர்கள் பழகினவர்கள், சிரித்துவிட்டு விளையாடினார்கள்.

மூன்றாம் தடவையும் தன் ஆட்டம் அப்படிக் கெட்டபோது, கஜதீபன் போட்டியை நடத்திய மேனுஜாவைக் கூப்பிட்டான்.

"ஆட்டம் முடியமுன்னம் மற்றவையின்ர சீட்டைப் பற்றிக் கதைக்கலாமோ?"

"ஏலாது," என்றாள் அவள். "அங்கிள், இன்னொருக்கால் கதைச்சா ரெண்டு ஆட்டம் வெளியில இருக்கவேணும்."

"சரி பிள்ளை, வாயைப் பொத்திறன்."

கொஞ்ச நேரம் பொத்தினார். பிறகு கஜதீபனுக்கு இரண்டு ராணி வந்தது. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக விரித்த மூன்றில் இன்னொரு ராணியும் இரண்டு ஏழும் கிடந்தன. இனித் தோற்பது கஷ்டம். இராசரத்தினம் தன்னிடம் இருந்த சிப்ஸ் முழுவதையும் தள்ளினார். கஜதீபன் அவசரம் காட்டாமல் பொறுத்திருந்தான்.

"விடும் தம்பி," என்றார் அவர். "மனுசியையே விட்டனீர். ரெண்டு சீட்டை விடக் கஷ்டமோ?"

ஒருவர் சிரிக்கத் தொடங்கி நிறுத்தினார். மனைவி பிரிந்த கதை ஹேர்னிங் வரை வந்திருக்கிறது என்று கஜதீபனுக்குக் காது சுட்டது. அவனும் அதே அளவு சிப்ஸைத் தள்ளி, ராணிகளை நிமிர்த்தி வைத்தான். இராசரத்தினத்திடம் ஒரு ஏழு இருந்தது. அது காணாது. நடுவில் பிறகு விழுந்த இரண்டு சீட்டும் அவருக்கு உதவவில்லை; சிப்ஸ் முழுவதும் போய், போட்டியில் இருந்தே அவர் வெளியே.

"அண்ணை," என்றான் கஜதீபன், "நான் விடேல்லை. அவதான் போனவ."

கூடப் பிறந்த தமக்கைக்கும் சொல்லாத விசயம். எப்படி வாயில் வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

"எனக்குத் தெரியாது, தம்பி," என்று சொல்லிவிட்டு இராசரத்தினம் கதிரையைப் பின்னால் தள்ளி எழுந்துபோனார்.

முதலில் எங்கே வேலை, சில்க்போர்க்கில் வாடகை எப்படி என்று கேட்டவர்கள் இப்போது அவனுடைய முகத்தையே பார்க்கவில்லை. காய்ச்சல் வருத்தக்காரனுக்குப் பக்கத்தில் இருப்பதுபோல மெதுவாகச் சீட்டு வைத்தார்கள். அவன் பந்தயத்தைக் கூட்டினால் உடனே சீட்டை விட்டார்கள். எல்லோரும் மரியாதையாகத்தான் நடந்தார்கள். அவனுக்கு அது தாங்கவில்லை. வெல்லக்கூடிய ஆட்டங்களையும் கவனிக்காமல் ஆடி, ஐந்தாவதாக வெளியே வந்தான்.

வாசலில் இராசரத்தினத்தின் மனைவி செல்வமலர் அவரை ஏற்றிப்போக வந்து நின்றாள். தொப்பி போடவில்லை என்று அவரை ஏசிக்கொண்டிருந்தவள், கஜதீபனைக் கண்டதும் நிறுத்தினாள்.

"தம்பி, சாப்பிட்டீங்களோ? ரோல்ஸ் கிடக்கு, ரெண்டு கொண்டு போங்கோவன்."

"சாப்பிட்டிட்டன் அக்கா."

காலையில் இருந்து அவன் ஒன்றும் சாப்பிடவில்லை. இராசரத்தினம் அவனுக்குத் தலையை ஆட்டிவிட்டுக் காரில் ஏறினார். கார் வாசலைத் தாண்டமுன்னமே அவர் கையை ஆட்டி ஆட்டி மனைவியோடு கதைக்கத் தொடங்கிவிட்டார். அன்றைய ஆட்டத்தைத்தான் சொல்லியிருப்பார்.

கஜதீபன் தன் கார்க் கண்ணாடியில் இருந்த பனியைச் சுரண்டினான். மூன்று ராணி விழுந்த கதையைச் சொல்ல ஆரைக் கூப்பிடலாம் என்று கைத்தொலைபேசியில் பெயர்களைத் தள்ளிப் பார்த்தான். பிறகு அதைப் பக்கத்து இருக்கையில் வைத்துவிட்டு, சில்க்போர்க் பக்கம் காரைத் திருப்பினான்.