ராணியின் வம்சாவளி

அய்யம்பெருமாள் நாள்தோறும் காலை ஏழு மணிக்குக் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, சரிகைக் கரையிட்ட வெள்ளைத் துண்டை மடிப்புக் கலையாமல் இடது தோளில் போட்டுக்கொண்டு, வேப்பந்தட்டையில் உள்ள தம் வீட்டின் முன்கூடத்தில் நாற்காலி போட்டு அமர்ந்துவிடுவார். மடியில் சிவப்பு அட்டை போட்ட நீளமான நோட்டு இருக்கும். அவருடைய குலசாமியைக் கும்பிடுகிற நூற்றுப் பத்துக் குடும்பங்களின் வம்சாவளி முழுவதும் அதில் எழுதப்பட்டிருந்தது. ஒரே குலசாமியைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள். பங்காளிகள் எத்தனை தலைமுறை கடந்தாலும் அண்ணன் தம்பிகள். அந்த வீடுகளுக்குள் பெண் எடுப்பதும் கொடுப்பதும் ஆகாது. பெரம்பலூரிலிருந்தும் அரியலூரிலிருந்தும் சம்பந்தம் பேச நினைப்பவர்கள் முதலில் அவரிடம் வந்து முறை கேட்டுப் போவார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஏழு தலைமுறைப் பெயர்களை ஒப்பிப்பார். நோட்டைத் திறக்க வேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை. ஆயினும் அது மடியில் இருந்தால்தான் அவருக்கு முதுகு நிமிரும்.

சென்ற ஆவணியில் சிவரஞ்சனி என்ற பெண்ணின் திருமணத்தைப் பத்திரிகை அச்சடித்த பிறகு அவர் நிறுத்தினார். மாப்பிள்ளையின் பாட்டனாருக்குப் பாட்டனார் பிழைப்புத் தேடி ஊர் மாறிப் போனவர் என்பதையும், அவரும் பெண்ணின் முன்னோரும் ஒரே கோயிலில் கிடா வெட்டியவர்கள் என்பதையும் கண்டுபிடித்தவர் அவர்தான். பெண் அழுதாள். அப்போது அவர் கூறிய சொல் சுற்றுவட்டாரத்தில் இன்றும் பேசப்படுகிறது.

"தங்கச்சி மொறைய்யா! நாய்தான் மொற பாக்காது. நாம மனுசங்க."

அந்தச் சொல்லுக்காகத்தான் கோயில் பொங்கலன்று பங்காளிகள் கூடி அவருக்கு அந்தச் சரிகைத் துண்டைப் போர்த்தினார்கள்.

நாய்களைப் பற்றி அவர் அறிந்தே பேசினார். வீட்டின் பின்புறத்தில் தகரக் கூரையின் கீழ் நான்கு இரும்புக் கூண்டுகள் இருந்தன. தெருமுனைப் பலகையில் 'ஒரிஜினல் லேப்ரடார் குட்டிகள் கிடைக்கும்' என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன் திருச்சியில் ஒரே ஈற்றில் பிறந்த ஆணையும் பெண்ணையும் வாங்கி வந்து, ராஜா என்றும் ராணி என்றும் பெயர் வைத்தார். அண்ணனையே தங்கைக்கு விட்டார். அந்த ஈற்றில் பிறந்த பிரின்ஸ் என்பவனை விற்காமல் நிறுத்திக்கொண்டார். ராஜா இறந்ததும், வெளியே ஆண் தேடிப் போகும் செலவு எதற்கென்று, பிரின்ஸையே அவன் தாய்க்கு விட்டார். ராணி பருவத்துக்கு வந்தால் பஞ்சாங்கத்தில் நல்ல நேரம் பார்ப்பார். ராகுகாலத்தில் கூண்டைத் திறக்கமாட்டார். மற்றவற்றைப் பார்த்ததில்லை. நான்கு ஆண்டுகளில் ஆறு ஈற்று ஈன்றவளின் மடி தரையைத் தொட்டது. விலாவெலும்புகளை விரல் விட்டு எண்ணலாம். குட்டி வாங்க வருபவர்களை அவர் அந்தக் கூண்டுப் பக்கம் அழைத்துப் போவதில்லை. குட்டியைத் தேங்காய்நார் பரப்பிய கூடையில் வைத்து, கழுத்தில் சிவப்பு நாடா கட்டி, முன்கூடத்துக்கே கொண்டுவந்து கொடுப்பார்.

காட்டில் ஒரு மரங்கொத்தி இருந்ததாம். எந்த மரம் உள்ளே உளுத்திருக்கிறது என்று தட்டிப் பார்த்துச் சொல்வது அதன் பெருமை. பறவைகளெல்லாம் அதைக் கேட்ட பிறகே கூடு கட்டின. தான் குடியிருந்த மரத்தை மட்டும் அது ஒருநாளும் தட்டிப் பார்த்ததில்லையாம். தட்டினால் தூக்கம் கெடும் அல்லவா?

பங்குனி மாதத்து முற்பகல் ஒன்றில், முறை கேட்பதற்காக அரியலூரிலிருந்து வந்த இரண்டு பெரியவர்கள் முன்கூடத்தில் அமர்ந்திருந்தபோது, முத்தாயி வாசலில் வந்து நின்றாள். ரஞ்சன்குடிக்கு அருகே கோட்டை தெரிகிற மேட்டில் மக்காச்சோளக் காடும் ஒற்றை வீடுமாக இருப்பவள். பிள்ளை இல்லாதவள். ஐந்து மாதங்களுக்கு முன் அவளும் கணவன் அய்யாக்கண்ணுவும் சேர்ந்து வந்து ராணியின் குட்டி ஒன்றை வாங்கிப் போயிருந்தார்கள். இப்போது அவள் இடுப்பில், தொட்டிலாக மடித்த உரச்சாக்குக்குள் அந்தக் குட்டி இருந்தது. கீழே இறக்கியதும் முன்னங்கால்களால் தரையை இழுத்துக்கொண்டு அய்யம்பெருமாளின் காலடிக்கு வந்து வாலை ஆட்டியது. பின்னங்கால்கள் இரண்டும் அதன் பின்னே ஈரத்துணி போல வந்தன.

"எக்ஸ்ரே எடுத்துப் பாத்தாங்கய்யா. இடுப்பு எலும்பு கிண்ணத்துல உக்காரலியாம். இது வம்சத்துல வர்ற நோவாக்கூட இருக்கலாம், ஆத்தா யாரு அப்பன் யாருன்னு வித்தவங்கள கேட்டுட்டு வாம்மான்னு டாக்டர் சொன்னாரு."

அரியலூர்ப் பெரியவர்களில் ஒருவர் சிரித்தார்.

"சரியான எடத்துக்குத்தாம்மா வந்திருக்க. வம்சம் சொல்றதுக்கு இவர வுட்டா யாரு இருக்கா?"

கேட்டவளுக்கு இரண்டே பெயர்கள் போதும். அய்யம்பெருமாள் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"ஆத்தா திருச்சி. அப்பன் பெங்களூரு. ரெண்டுக்கும் ஒட்டுமில்ல ஒறவுமில்ல. ஒரிஜினல் ஜாதி, போ."

கதவருகே மோர்ச் செம்போடு நின்றிருந்த அவர் மனைவி செல்வம்மாள், மோரை விருந்தினர் முன் வைத்துவிட்டு உள்ளே போனாள். முத்தாயி கும்பிட்டுவிட்டுக் குட்டியை மீண்டும் சாக்கில் ஏந்திக்கொண்டாள். பெரியவர்களுக்கு ஏழு தலைமுறை சொல்லப்பட்டது. அன்று ஒரு பெயர்கூடத் தடுமாறவில்லை.

பத்து நாள் கழித்து அவள் மறுபடியும் வந்தாள். குட்டியைக் கொண்டுவரவில்லை. ஒரு பையில் சின்ன வெங்காயம் கொண்டுவந்திருந்தாள். சண்டைக்கு வருகிறாள் என்று எண்ணி அவர் முகத்தை இறுக்கிக்கொண்டார். அவளோ வாசற்படிக்குக் கீழேயே நின்றாள்.

"மன்னிச்சுக்குங்கய்யா. நல்ல வூட்டுப் பொருள நான் கெடுத்துப்புட்டேன்."

"என்னம்மா சொல்ற?"

"ஆத்தா அப்பன் வேற வேற எடம்னு சொன்னேன். அப்ப தீனியில கொற இருக்கலாம், வழுக்குற தரையில வுட்டிருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு. நான் கம்பங்கூழத்தான ஊத்துனேன். சிமிட்டித் தரையிலதான படுக்கப் போட்டேன். ஒரு புள்ளையத்தான் பெத்துக்க வக்கில்ல, ஒரு நாயக்கூட வளக்கத் தெரியலியான்னு எங்க வூட்டுக்காரரு கேட்டுப்புட்டாரு. அதுலேருந்து எங்கூடப் பேசறதில்ல."

இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. வெங்காயப் பையைப் படியில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று போய்விட்டாள். அவர் நாற்காலியில் அப்படியே அமர்ந்திருந்தார். அப்போதும் அவர் எண்ணியது தம்மைப் பற்றித்தான்: உண்மை வெளிப்பட்டால் கோயிலில் யார் தம்மை மதிப்பார்கள் என்றே எண்ணினார். இப்படிப்பட்டவர்களுக்குப் பிறர் துன்பம் கண்ணுக்குத் தெரிவதற்கே சற்று நேரம் பிடிக்கும்.

செல்வம்மாள் வந்து வெங்காயப் பையை எடுத்தாள். பிரித்துப் பார்த்தாள். பெரிது பெரிதாகப் பொறுக்கி எடுத்துப் போட்ட வெங்காயம்.

"ஊராரு வூட்டுக்கெல்லாம் ஏழு தலமொற சொல்லுவீங்க. ஒரு பொம்பள வந்து ரெண்டு தலமொற கேட்டா வாய் வரலியா?"

"சும்மா இரு. நாய்க்கு என்னாடி மொற?"

"நாய்க்கு இல்லதான். அது கூண்ட அதுவா தெறந்துக்கிச்சு? தாப்பாள எடுத்தது யாரு? பஞ்சாங்கம் பாத்தது யாரு?" அவள் பையை அவர் மடியில், நோட்டின் மேலேயே வைத்தாள். "தங்கச்சி மொறைன்னு ஒரு பொண்ண அழவுட்டீங்க. இங்கேயோ பெத்த தாய்க்கே மவன வுட்டீங்க. இந்த வெங்காயத்த நான் ஆக்கிப் போடமாட்டேன்."

அவர் பின்கட்டுக்குப் போனார். மடி ஏழாம் முறையாகக் கனத்திருந்த ராணி, அவரைக் கண்டதும் எழுந்திருக்க முயன்றாள். எழுவதற்கு முன் பின்பக்கம் ஒருகணம் ஒடுங்கித் தாழ்ந்து, பிறகு நிமிர்ந்தது. அவளுக்கும் இடுப்பில் நோவு இருந்திருக்கிறது. எத்தனை ஆண்டுகளாகவோ தெரியவில்லை. அவர் இத்தனை நாளும் அதைக் கொழுப்பு என்றே சொல்லிவந்தார்.

மறுநாள் காலை நாற்காலி காலியாக இருந்தது. சிவப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவர் முதல்முறையாக ராணி, ராஜா, பிரின்ஸ் என்ற பெயர்களை எழுதிக் கோடு போட்டு இணைத்தார். கோடுகள் கீழே இறங்காமல் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டன. அதன் கீழே குட்டி வாங்கிப் போனவர்களின் ஊர்களை எழுதினார். பிறகு மொபெட்டை எடுத்துக்கொண்டு ரஞ்சன்குடி மேட்டுக்குப் போனார்.

அய்யாக்கண்ணு களத்தில் மக்காச்சோளக் கதிரைக் குவித்துக்கொண்டிருந்தான். முத்தாயி சற்றுத் தள்ளி, வேறு குவியலில் இருந்தாள். அவர் இருவருக்கும் கேட்கும்படி நின்று சொன்னார். கண்ணை மூடிக்கொள்ளவில்லை.

"ஆயி, அன்னிக்கி நான் பொய் சொன்னேன். உங்க குட்டியோட ஆத்தா ராணி. அப்பன் பிரின்ஸு. அவன் ராணி பெத்த மவன். அவனுக்கு அப்பன் ராணியோட கூடப்பொறந்த அண்ணன். நோவு எங்க வூட்டுலேருந்து வந்தது."

அய்யாக்கண்ணு கையிலிருந்த கதிரைக் கீழே போட்டான்.

"பெரிய மனுசன்னு பேரு," என்று கூறிக் காறித் துப்பினான். "எம்பொண்டாட்டிய நான் பேசுன பேச்ச இனிமே யாரு அள்ளுறது? நீயா வந்து அள்ளுவ?"

முத்தாயி கேட்டாள்.

"அப்ப நான் ஊத்துன கூழுல ஒண்ணுமில்லியாய்யா?"

"ஒண்ணுமில்ல ஆயி. அந்த ஈத்துல இன்னும் அஞ்சு வூடு இருக்கு, எல்லாருக்கும் சொல்லணும். ராணி இந்த ஈத்தோட சரி. பிரின்ஸுக்கு நாளைக்கே ஆஸ்பத்திரியில ஆபரேசன் பண்ணிடுறேன்."

குரல் கேட்டுக் குட்டி நிழலிலிருந்து தவழ்ந்து வந்து முனகியது.

"ஒண்ணுக்குப் போவணுங்குது," என்றாள் முத்தாயி. "பின்னால தூக்கிப் புடிச்சாத்தான் போவும். சாக்கு வவுத்த அறுத்துப்புடுச்சு. நானே..." என்று எழுந்தாள்.

அய்யம்பெருமாள் தோளிலிருந்த சரிகைத் துண்டை எடுத்து உதறி நான்காக மடித்து, குட்டியின் அடிவயிற்றுக்குக் கீழே கொடுத்து, இரு முனைகளையும் மேலே பிடித்துத் தூக்கினார். பின்பாரம் நீங்கியதும் முன்னங்கால்கள் இரண்டும் ஓடத் தொடங்கின. அதற்கு ஈடுகொடுக்க அவர் குனிந்த முதுகோடு சிறுசிறு அடியாக ஓட வேண்டியிருந்தது. வரப்போரத்தில் குட்டி நின்றது. துண்டு நனைந்து, சரிகைக் கரையிலிருந்து சொட்டத் தொடங்கியது. அவர் பிடியை விடாமல் குனிந்தபடியே நின்றார்.