இது தேறும்

சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டில் யாரும் கடைக்குப் போகக் கூடாது. கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் போட்ட சட்டம் இது. வாரம் முழுக்க அடுப்படி என் பொறுப்பு, சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் அவர் பொறுப்பு. வீட்டில் என்ன இருக்கிறதோ அதை வைத்துத்தான் சமையல். ரெண்டு கேரட்டும் ஒரு முட்டையும்தான் மிச்சம் என்றால் அன்றைக்கு ரெண்டு கேரட்டும் ஒரு முட்டையும்தான். உப்பு தீர்ந்துபோனால்கூடப் பக்கத்து வீட்டில் கேட்க விடமாட்டார். அப்படி ஒரு வீம்பு.

சமையலைவிட அதற்கு முன்னால் நடக்கும் கூத்துதான் எங்களுக்குப் பிடிக்கும். ஃபிரிட்ஜிலிருந்து ஒவ்வொரு டப்பாவாக எடுத்து மேடைமேல் வரிசையாக வைப்பார். மூடியைத் திறந்து, மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரே இழுப்பு. பிறகு தீர்ப்பு சொல்வார். "இது தேறும்." "இது இன்னிக்குத் தேறும், நாளைக்குத் தேறாது." "இது போயே போச்சு, கும்பிட்டுட்டுக் கொட்டிரு." ஒவ்வொரு தீர்ப்புக்கும் எங்கள் மகள் கைதட்டுவாள். பன்னிரண்டு வயசு, வாய் கொஞ்சம் நீளம். வாலு என்றுதான் கூப்பிடுவோம்.

அந்த மூக்கு வெறும் மூக்கு இல்லை. எங்கள் சாப்பாடே அதில்தான் ஓடுகிறது. வீடுகளுக்குக் கேஸ் குழாய் போடுவதும், கசிவு என்று யாராவது புகார் சொன்னால் போய்ப் பார்ப்பதும் அவர் வேலை. என் அண்ணனுக்கும் அதே வேலை, இரண்டு பேருக்கும் ஒரே வேன். "மாப்ள வாசல்ல நின்னு ஒரு மூச்சு இழுத்தாப் போதும், அடுப்புக்குப் பின்னால இடது பக்கம்னு சொல்லிருவான்" என்று அண்ணன் பார்ப்பவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வான். அலுவலகத்தில் அவருக்கு வைத்திருக்கும் பெயரே மூக்கன்தான். கசிவைக் காட்டும் மீட்டர் ஒன்றும் வேனில் இருக்கிறது. மூக்கன் இருக்கும்போது மீட்டர் எதற்கு என்று அதை உறையைவிட்டு எடுப்பதே இல்லை.

போன மாதம் எங்கள் எல்லோருக்கும் காய்ச்சல் வந்தது. எனக்கும் வாலுவுக்கும் சீக்கிரம் விட்டுவிட்டது. அவரைத்தான் போட்டுப் புரட்டி எடுத்தது. எழுந்து நடமாட ஆரம்பித்ததுமே வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

அதற்கடுத்த சனிக்கிழமை டப்பாக் கூத்து நடந்தது. வாரத் தொடக்கத்தில் கோழி வேகவைத்த தண்ணீர் கொஞ்சம் இருந்தது. மூடியைத் திறந்து மோந்து பார்த்து, "இது தேறும்" என்று உருளைக்கிழங்கு சூப்பில் ஊற்றினார். வாலு ஒரு வாய் வைத்தவள் அப்படியே தட்டில் துப்பினாள். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. "ஃபிரிட்ஜ் சரியில்ல போல" என்று சொல்லிவிட்டுச் சூப்பைக் கொட்டினார். நானும் ஃபிரிட்ஜைத்தான் திட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை கூத்தில் ஒரு மாற்றம் வந்தது. டப்பாவைத் திறந்து வாலுவிடம் நீட்டினார். "நீ மோந்து சொல்லு பாக்கலாம். இனிமே உனக்கு ட்ரெய்னிங்." அவளும் குஷியாக ஒவ்வொன்றாக மோந்து தேறும், தேறாது என்று சொன்னாள். அப்பாவும் மகளும் கொஞ்சுகிறார்கள் என்று நான் பாட்டுக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மடச்சி.

ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. நான் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். ஆட்களை உட்காரவைத்து, எதிரே இருக்கும் பலகையில் எழுத்தைப் படிக்கச் சொல்வது என் வேலை. பார்வை போய்விட்டது என்று ஒத்துக்கொள்ள மனசு வராதவர்கள் நிறையப் பேர் வருவார்கள். முன்னால் உட்கார்ந்தவர் படித்ததைக் காதில் வாங்கி அப்படியே ஒப்பிப்பார்கள். அதுவும் முடியாவிட்டால் ஒரு எழுத்தைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். பலகையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார்கள் என்றால் எனக்கு விஷயம் புரிந்துவிடும். என் வீட்டுக்காரர் அன்றைக்கு டப்பாவைப் பார்க்கவில்லை. வாலுவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கேட்டிருக்கலாம். கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. மூக்கு இல்லாத மூக்கனுக்கு அங்கே என்ன வேலை? வந்துவிடும், காய்ச்சல் அசதி போனால் எல்லாம் வந்துவிடும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு ஒரு வாரத்தை ஓட்டினேன்.

இந்தச் சனிக்கிழமை வீட்டில் இருந்தது பாதி முட்டைக்கோஸ், நாலு உருளைக்கிழங்கு, வெங்காயம், நேற்றைய சோறு. அவர் வெங்காயத்தை நறுக்கி வாணலியில் போட்டுவிட்டு, அடுப்புக்கு முதுகைக் காட்டியபடி கிழங்குக்குத் தோல் சீவ ஆரம்பித்தார். நான் கூடத்தில் இருந்தேன். கருகும் வாசனை முதலில் லேசாக வந்தது, பிறகு நெடியாக ஏறியது. எழுந்துபோய் அடுப்படி வாசலில் நின்றேன். அவர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு நிதானமாகத் தோல் சீவிக்கொண்டிருந்தார். நான்கு அடி தள்ளி அவர் முதுகுக்குப் பின்னால் வெங்காயம் கறுத்துக்கொண்டிருந்தது. என் கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயத்தால் இல்லை.

கூப்பிட வாயைத் திறப்பதற்குள் வாசலிலிருந்து அண்ணன் குரல் வந்தது. சனிக்கிழமை சாப்பாட்டுக்கு அவன் எப்போதும் வருவான்.

"என்ன மாப்ள, வீட்டையே கொளுத்துறியா? கீழ வரைக்கும் வருது!"

அவர் விருட்டென்று திரும்பினார். வாணலியைப் பார்த்தார். அடுப்பை அணைத்தார். பிறகு சிரித்தார்.

"வேணும்னேதான் மச்சான். கொஞ்சம் கருக விட்டாத்தான் ருசி."

"ஆமா, பெரிய சமையல்காரன்!" என்று அண்ணன் அவர் முதுகில் தட்டினான். அவன் நம்பிவிட்டான். அண்ணனுக்கு மாப்பிள்ளை எது சொன்னாலும் வேதம்.

கருகின வெங்காயத்தோடு கிழங்கையும் கோஸையும் வதக்கிச் சோற்றைக் கிளறிப் போட்டார். நான்கு பேரும் உட்கார்ந்தோம். கசப்பு தொண்டை வரைக்கும் ஏறியது. "நல்லா இருக்கா?" என்று கேட்டுவிட்டு அவர் எங்கள் முகத்தைப் பார்த்தார். "ம், நல்லா இருக்குப்பா" என்றாள் வாலு. நானும் தலையாட்டினேன். சாப்பாடு முடிந்து அண்ணன் போகட்டும், இன்றைக்குக் கேட்டே விடுவது என்று முடிவு செய்துகொண்டேன்.

அண்ணன் வாயில் சோற்றை வைத்துக்கொண்டே பேச ஆரம்பித்தான்.

"மாப்ள, அந்த மூணாவது மாடிப் பொண்ணு இருக்கே, கைக்குழந்தை வெச்சிருக்குமே, போன வாரம் நீ மேல போய்ப் பாத்துட்டு வந்தியே. இன்னிக்குச் சாயங்காலம் மறுபடியும் போன் பண்ணுச்சு. வாசனை வருதுங்குது. நான் சொல்லிட்டேன், எங்க மூக்கனே வந்து பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டான், அது சாக்கடை நாத்தமா இருக்கும், போய்த் தூங்குங்கன்னு."

சொல்லிவிட்டுச் சிரித்தான். என் வீட்டுக்காரர் கையிலிருந்த உருண்டை அப்படியே நின்றது.

ஒரு வாரமாக அந்த வீடு. ஒரு வாரமாக அந்தக் குழந்தை. அவர் என்னைப் பார்த்தார். கடையில் எழுத்துத் தெரியாதவர்கள் பார்ப்பார்களே, அதே பார்வை. இந்தத் தடவை நான் முகத்தில் எதையும் காட்டவில்லை. சொல்ல வேண்டியது அவர்தான்.

"மச்சான்" என்றார். "எனக்கு வாசனை தெரியாது."

"எந்த வாசனை?"

"எந்த வாசனையும். காய்ச்சல் வந்ததுலேருந்து ஒண்ணுமே இல்ல. அன்னிக்கு அந்த வீட்டு வாசல்ல நின்னு இழுத்துப் பாத்தேன். ஒண்ணும் வரலம்மான்னு சொன்னேன். எனக்கு ஒண்ணும் வரலதான்."

அண்ணன் சிரிக்கத்தான் பார்த்தான். "சும்மா விளையாடாத மாப்ள."

"விளையாட்டில்ல மாமா" என்றாள் வாலு. தட்டையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "வீட்டுல எல்லாத்தையும் நான்தான் மோந்து சொல்றேன். அப்பா யார்கிட்டயும் சொல்லாதன்னாரு."

அந்தச் சின்ன வயிற்றில் இதைக் கட்டிவைத்துக்கொண்டு இத்தனை நாள் சாப்பிட்டிருக்கிறாள். ஆத்திரத்தில் அவரை நாலு வார்த்தை கேட்கத் தோன்றியது. அதற்கு நேரம் இல்லை. அவர் ஏற்கெனவே எச்சில் கையோடு போனை எடுத்து எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. நாங்கள் நான்கு பேரும் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நின்றுவிட்டது. மறுபடியும் போட்டார். கடைசியில் தூக்கக் கலக்கத்தில் ஒரு குரல் வந்தது.

"அம்மா, கேஸ் கம்பெனிலேருந்து பேசறேன். லைட் போடாதீங்க. எந்த சுவிட்சையும் தொடாதீங்க. அடுப்புப் பக்கமே போகாதீங்க. குழந்தையைத் தூக்கிட்டு அப்படியே கீழ தெருவுக்கு இறங்கிருங்க. போனைக் கட் பண்ணிருங்க, தெருவுக்கு வந்தப்புறம் பேசலாம்."

அந்தப் பெண் என்னவோ கேட்டாள். எங்களுக்குக் கேட்கவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொன்னார்.

"ஆமாம்மா, நான்தான் சொன்னேன். உங்க மூக்குதான் சரி. எனக்கு மூக்கு இல்ல. தயவுசெஞ்சு இறங்குங்க."

அண்ணன் அதற்குள் வேன் சாவியை எடுத்துவிட்டான். கீழே ஓடி மீட்டரைக் கொண்டுவந்து அழுத்திப் பார்த்தான். விளக்கு எரியவில்லை. பேட்டரி எப்போது செத்ததோ தெரியாது. யார் பார்த்தது? வாலு ஓடிப்போய் டிவி ரிமோட்டைத் திறந்தாள். அதில் இருந்த இரண்டு போதவில்லை. நான் சுவர்க் கடிகாரத்தை இறக்கி அதில் இருந்ததையும் பிடுங்கிக் கொடுத்தேன். மீட்டர் கீச்சென்று ஒரு சத்தம் போட்டு உயிர் பெற்றது. வீட்டில் இருந்ததை வைத்துத்தான் அன்றைக்கு அதையும் சமாளித்தோம்.

"நானும் வரேன் மச்சான்" என்றார் அவர்.

அண்ணன் அவரைப் பார்க்கவே இல்லை. "வா. ஆனா மீட்டரை நான்தான் பிடிப்பேன். நீ படியிலயே நில்லு." இத்தனை வருஷத்தில் அவரிடம் அவன் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

வாலுவும் நானும் தட்டுகளை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். கடிகாரம் நின்றுவிட்டதால் நேரம் தெரியவில்லை. "அப்பா மேல கோவமா?" என்று கேட்டாள். "ஆமா" என்றேன். "எனக்கும்" என்று சொல்லிவிட்டு என் மடியில் படுத்துக்கொண்டு அழுதாள். அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தேன். அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தால் அப்புறம் இந்த வீட்டில் எப்படி உட்கார்ந்து சாப்பிடுவோம் என்ற ஒரே நினைப்புதான் எனக்கு.

அவர் தனியாகத்தான் படியேறி வந்தார். அண்ணன் கீழேயே வேனைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

"நல்லா இருக்காங்க" என்றார் முதலில். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. "அடுப்புக்குப் பின்னால, இணைப்புல வாஷர் விரிசல் விட்டிருக்கு. மச்சான் ரெண்டாவது மாடி திரும்பும்போதே மீட்டர் கத்த ஆரம்பிச்சிருச்சு. கேஸ் மெயினை மூடிட்டான்." சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். "அந்தப் பொண்ணு குழந்தையோட மூக்கைத் துணியால பொத்திக்கிட்டுத் தெருவுல நிக்குது. கதவைத் திறந்ததும் எதிர்வீட்டுக்காரங்க எல்லாம் மூக்கைப் பொத்திக்கிட்டாங்க. நான் ஒருத்தன்தான் சும்மா நின்னேன். எனக்கு அது வெறும் காத்து."

"அண்ணன் என்ன சொன்னான்?"

"திங்கக்கிழமை ஆபீசுல நீயே சொல்லிரு, நான் சொல்லமாட்டேன்னான். சொல்லிருவேன்." எச்சில் காய்ந்துபோன விரல்களைத் தேய்த்துக்கொண்டார். "என்ன வேலை குடுப்பாங்கன்னு தெரியல. குடுப்பாங்களான்னும் தெரியல."

அவர் விட்டுப்போன தட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். வாலு எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சோறு ஆறிப் போயிருந்தது. ஒரு வாய் எடுத்து வைத்து மென்றார். பிறகு வழக்கம்போல எங்கள் முகத்தைப் பார்த்தார்.

"நெஜமாச் சொல்லுங்க, இது எப்படி இருக்கு?"

வாலு என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

"கருகிப் போச்சுப்பா" என்றாள். "தேறாது."

அவர் சரி என்பதுபோல் தலையாட்டினார். தட்டைத் தள்ளிவைக்கவில்லை. கடைசிப் பருக்கை வரைக்கும் சாப்பிட்டு முடித்தார்.