ஜூன் ஒண்ணு கிட்டுசாமி

அப்பாவின் பிடிவாதத்தைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அவருடைய சிக்கனத்தைத்தான் என்னால் தாங்க முடியாது. முதியோருக்கான அரசு இன்சூரன்ஸான மெடிகேர் கொடுத்தது போக மீதி ஆஸ்பத்திரிச் செலவை ஏற்கும் துணை இன்சூரன்ஸுக்கு இந்த வருஷம் பிரீமியத்தைத் தாறுமாறாக ஏற்றிவிட்டார்கள். "எம்பட நெஞ்சுக்கு இத்தனை காசு ஆகாது கண்ணு" என்று சொல்லிவிட்டு, பாலிசியை நிறுத்தச் சொல்லி ஒரு கடிதம் எழுதி, ஸ்டாம்ப்பும் ஒட்டி, மைக்ரோவேவ் மேல் வைத்துவிட்டார். இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து எட்டு மாதம்தான் ஆகிறது. அக்டோபரில் வால்வு மாற்ற வேண்டும். இப்போது விட்டால், இந்த நெஞ்சோடு வேறு எந்தக் கம்பெனியும் அவரைச் சேர்க்காது.

கலிஃபோர்னியாவில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஏற்கெனவே துணை பாலிசி வைத்திருப்பவர், பிறந்தநாள் தொடங்கி அறுபது நாளுக்குள் அதே அளவு பாலிசியோடு வேறு கம்பெனிக்கு மாறிக்கொள்ளலாம். உடம்பைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது. டெக்ஸஸில், ஆலனில் இருக்கும் என் அண்ணன் நெடுஞ்செழியன், "இங்க அந்த மாதிரி ரூல் கெடையாது. அப்பா சான்டா கிளாராவுல உங்கிட்ட இருக்கறதே நல்லதாப் போச்சு தென்றல்" என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மலிவான கம்பெனி ஒன்றைப் பார்த்துவைத்து, காலண்டரில் அப்பாவின் பிறந்தநாளான செப்டம்பர் ஏழைச் சிவப்பில் வட்டம் போட்டேன். அதுவரை கடிதத்தைத் தபாலில் போட வேண்டாம் என்று அப்பாவிடம் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதம் வாங்கினேன். அவர் ஆவணி ரோகிணி. கண்ணன் நட்சத்திரம் என்பதால்தான் கிட்டுசாமி என்று பெயரே வைத்தார்கள்.

ஜூலை முப்பது, மாலை நாலே கால். இன்சூரன்ஸ் ஏஜென்ட் தீக்ஷா கேட்டாளே என்று அப்பாவின் கிரீன் கார்டைப் படம் எடுத்து அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"அக்கா, அங்கிளோட டேட் ஆஃப் பர்த் ஜூன் ஒண்ணுன்னு போட்டிருக்கே?"

"அது ஸ்கூல்ல குடுத்ததும்மா. ஒரிஜினல் செப்டம்பர் ஏழு."

"கம்பெனிக்கு இதுதான்க்கா ஒரிஜினல். ஜூன் ஒண்ணுலேர்ந்து கவுண்ட் பண்ணா இன்னிக்குத்தான் அறுபதாவது நாள். அஞ்சு மணிக்கு அவங்க லைன் க்ளோஸ் பண்ணிடுவாங்க."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பள்ளியில் சேர்க்க வயசு போதவில்லை என்று தலைமை ஆசிரியர் போட்டுக்கொடுத்த தேதி அது. அப்பாவின் வகுப்பில் பாதிப் பேருக்கு ஜூனில்தான் பிறந்தநாள். இத்தனையும் தெரிந்தே செப்டம்பரில் வட்டம் போட்ட என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பால்கனியில் கறிவேப்பிலைத் தொட்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த அப்பாவை இழுத்துவந்து உட்காரவைத்தேன். தீக்ஷா, கம்பெனிக்காரப் பெண்ணை லைனில் சேர்த்தாள். பேச்சு பதிவாகும், அப்பாவே பதில் சொல்ல வேண்டும், யாரும் எடுத்துக்கொடுக்கக் கூடாது என்றாள் அந்தப் பெண். தவறான தகவல் தந்தால் பாலிசி செல்லாது என்றும் வாசித்தாள். அப்பாவுக்கு இங்கிலீஷ் புரியும். இண்டியன் கடையில் பத்து வருஷம் கல்லாவில் நின்றவர். பெயர், முகவரி எல்லாம் கணீரென்று சொன்னார்.

"டேட் ஆஃப் பர்த், சார்?"

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "செப்டம்பர் செவன், நைன்டீன் ஃபிஃப்டி ஃபைவ்."

அது மெடிகேர் பதிவோடு பொருந்தவில்லை, இன்னொரு முறை தவறினால் விண்ணப்பத்தை மூட வேண்டியிருக்கும் என்றாள் அவள். மணி நாலு ஐம்பத்தொன்று. ஒரு நிமிஷம் அவகாசம் கேட்டு ம்யூட் பண்ணினேன்.

"ஏனுங்கப்பா இப்படிப் பண்றீங்க?"

"பொய் சொன்னாச் செல்லாதுன்னு அவளே சொல்றா. நாளைக்கு நான் ஆஸ்பத்திரில கெடக்கறப்ப, பொறந்தநாளே பொய்யின்னு கைய விரிச்சுப்போட்டா, அத்தனையும் உந்தலையில விழுகும். எனக்கு வேண்டாஞ்சாமி. அந்தக் கடுதாசியப் போட்டரலாம்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோபமும்தான். "உங்க பாஸ்போர்ட், கிரீன் கார்டு, மெடிகேர் எல்லாமே ஜூன் ஒண்ணுதானுங்கப்பா. இந்த ஊர்ல இருக்கறதே அந்தக் கிட்டுசாமிதான். ஸ்டென்ட் வெச்சதும் அவருக்குத்தான். எனக்கு அந்த ஆளு உசுரோட வேணும்."

நான் ம்யூட்டை எடுத்தேன். இனி வாய் திறக்க முடியாது. மணி நாலு ஐம்பத்து நாலு. அந்தப் பெண் மறுபடியும் தேதி கேட்டாள். அப்பா தன் கிரீன் கார்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜூன் ஒன்," என்றார். "நைன்டீன் ஃபிஃப்டி ஃபைவ்."

இன்னும் நாலு கேள்விகள். ஐந்துக்கு ஒரு நிமிஷம் இருக்கையில் விண்ணப்பம் ஏறியது. "பிலேட்டட் ஹேப்பி பர்த்டே, சார்" என்றாள் அவள். அந்தத் தேதிக்காக எழுபது வருஷத்தில் அவரை வாழ்த்திய முதல் ஆள் அவள்தான். தீக்ஷா, புது பாலிசி கைக்கு வருகிறவரை பழசை நிறுத்தவே கூடாது என்று எச்சரித்துவிட்டு வைத்தாள்.

அப்பா எழுந்து போய் மைக்ரோவேவ் மேலிருந்த கவரை எடுத்தார். தபாலில் போடக் கிளம்பிவிட்டார் என்றே நினைத்தேன். அவர் அதைத் துடைத்து என் கையில் வைத்தார்.

"இத நீயே வெச்சுக்க கண்ணு. எப்பப் போடோணும்னு நீ சொல்லு."