ஊமையாக்கிய வண்டி

தெருவில் அவனை எல்லோரும் பைப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வண்டி வந்தாலும் சைலன்சரைத் தவிர வேறு எதிலும் கை வைக்கமாட்டான் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். கோபம் வந்தால் அவன் மனைவியே போன் போட்டு, "பைப்பு இன்னைக்கு வீட்டுக்கு வருதா, இல்ல பட்டறையிலயே குடித்தனமா?" என்று கேட்பாள்.

தங்கையின் கணவர் தன் பழைய வண்டியைத் தானாகவே கொண்டுவந்து நிறுத்தியபோது பைப்புக்குத் தலைகால் புரியவில்லை. அது மாப்பிள்ளையின் அப்பா காலத்து வண்டி. கறுப்பு டேங்க், இரண்டு பக்கமும் நீளமான குரோம் குழாய்கள். குழாய்களுக்கு உள்ளே இருந்ததையெல்லாம் எப்போதோ யாரோ பிடுங்கி எறிந்திருந்தார்கள். கிளப்பினால் அக்கம்பக்கத்து ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிரும். சரிசெய்து தருகிறேன் என்று பைப்பு பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். வண்டி என்றால் குரல் இருக்க வேண்டும் என்று மாப்பிள்ளை சிரித்தே தட்டிக்கழித்துவிடுவார். இப்போது அவரே வந்து நிற்கிறார்.

"கிட்ட வந்தாக்கூட யாருக்கும் தெரியக்கூடாது மச்சான். அந்த அளவுக்கு முடியுமா?"

முடியும் என்று சொல்லிவிட்டு, சந்தோஷமாக வேலையில் இறங்கினான். சின்னக் குழாயை அளந்து வெட்டி, உடம்பெல்லாம் துளை போட்டு, மேலே சத்தத்தை உறிஞ்சும் கண்ணாடிப் பஞ்சைச் சுற்றிக் கம்பியால் இறுக்கி, ஒவ்வொரு குழாய்க்குள்ளும் ஒன்றைச் செருகி, பின்பக்கம் ஒரு போல்ட்டால் பிடித்துவைத்தான். மூச்சை அடைத்தால் எஞ்சின் முரண்டு பிடிக்குமே என்று கார்பரேட்டரையும் அதற்கேற்ப மாற்றினான். கடைசியில் வண்டியைக் கிளப்பிவிட்டு நின்று கேட்டான். பக்கத்துக் கடையில் வண்டி சீட்டுக்கு உறை தைக்கும் சீட்டுக்காரரின் தையல் மெஷின் ஓடும் சத்தம் தெளிவாகக் கேட்டது. அதைவிட என்ன சான்றிதழ் வேண்டும்? சீட்டுக்காரர்கூட எட்டிப் பார்த்து, வண்டி நின்றுவிட்டதா என்று கேட்டார்.

மாப்பிள்ளை கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு பைப்பின் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். தெருமுனை வரைக்கும் வண்டி போன சுவடே தெரியவில்லை. பைப்புக்குப் பெருமை பிடிபடவில்லை.

அடுத்த மாதம் ஒரு மத்தியானம் தங்கை பட்டறைக்கு வந்தாள். கல்யாணமான பிறகு அவள் தனியாக அங்கே வந்ததே இல்லை. இளைத்திருந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டான், உட்காரவில்லை. வாசலைப் பார்க்கும்படி சுவரோரமாக நின்றுகொண்டாள். பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் விடுவதற்குள் போக வேண்டும் என்றாள். அப்புறம், குழாயை மறுபடி பழையபடி ஆக்க முடியுமா என்று கேட்டாள்.

பைப்பு சிரித்தான். இத்தனை வருஷம் காதை அடைத்தது போதாதா என்றான்.

"அவருக்குத் தெரியாம செய்யணும்ணா. தானா கெட்டுப்போன மாதிரி."

அவன் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. ஏன் என்று கேட்டான். அவள் கீழே கிடந்த இரும்புத் துருவலையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

"முன்னல்லாம் தெருமுக்குல வரும்போதே சத்தம் கேட்டுடும். நான் போன்ல பேசிட்டிருந்தா வெச்சிடுவேன். ஜன்னலைச் சாத்துவேன். பாப்பா சிரிச்சிட்டிருந்தா நிறுத்திடுவா. அவர் மேல வர்றதுக்குள்ள எல்லாம் அவருக்குப் பிடிச்ச மாதிரி இருக்கும். இப்ப திரும்பிப் பார்த்தா பின்னால நிக்கிறாரு. எவ்வளவு நேரமா நிக்கிறாருன்னே தெரியலை."

முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பக்கத்தை அவள் இழுத்துவிட்டுக்கொண்டாள். அது முழுக்கை போடும் வெயில் இல்லை. வண்டியைச் சரிசெய்து கொண்டுபோன அன்றைக்கு மாப்பிள்ளை பாப்பாவை மடியில் உட்காரவைத்துக்கொண்டு, இனிமேல் அப்பா வருவது யாருக்கும் தெரியாது, எல்லாம் உங்கள் மாமா கைவண்ணம் என்று கொஞ்சினாராம். அதிலிருந்து குழந்தை கதவுக்கு முதுகைக் காட்டி உட்காருவதே இல்லை. அம்மாவிடம் முன்பே சொன்னதாகவும், அம்மா அனுசரித்துப் போகச் சொன்னதாகவும் அவள் மெதுவாகச் சொன்னாள்.

பார்த்துப் பார்த்துத் துளை போட்ட கை அவனுடைய கைதான். பயந்தால் வழக்கமாக எதையாவது திருகிக்கொண்டிருப்பான். அன்றைக்கு ஸ்பேனரைக் கையில் எடுக்கவே இல்லை.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினான். அவள் ஒரு சலவைக் கம்பெனியின் வேன் ஓட்டுபவள். மாப்பிள்ளை குடியிருக்கும் அடுக்குமாடிக்கும் துணி எடுக்கப் போய்வருகிறவள். அண்ணியிடம்கூட இத்தனை நாள் வாய் திறக்கவில்லையே என்று முதலில் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, குழாயை நோண்டிப் பிரயோஜனம் இல்லை, இரண்டு பேரையும் வெளியே கொண்டுவர வேண்டும் என்றாள். சனிக்கிழமை பாப்பாவுக்கும் லீவு, மாப்பிள்ளைக்கும் லீவு. அவரை மட்டும் பட்டறைக்கு வரவழைத்துப் பிடித்துவைக்க முடியுமா என்று கேட்டாள்.

புதுப் பஞ்சு கொஞ்ச நாள் ஓடியதும் ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும் என்று பைப்பு போனில் சொன்னான். மாப்பிள்ளை சொன்ன நேரத்துக்கு வந்தார். வந்ததுகூடத் தெரியவில்லை. குனிந்திருந்தவன் நிமிர்ந்தபோது வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, யார் சொல்வது பொய் என்று கண்டுபிடிப்பதுதான் தொழில்.

பைப்பு இரண்டு பக்கமும் போல்ட்டைக் கழற்றி உள்குழாய்களை உருவினான். முடிந்த மட்டும் மெதுவாக உருவினான். பஞ்சு எண்ணெய் குடித்திருக்கிறது என்றான். மாப்பிள்ளை ஸ்டூலை அருகில் போட்டு உட்கார்ந்து ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"காஞ்சுதானே இருக்கு மச்சான்?"

"மேல காஞ்சிருக்கும் மாப்பிள்ளை. உள்ள பார்க்கணும்."

கம்பியை அறுத்துப் பஞ்சைப் பிய்த்தான். உள்ளேயும் காய்ந்துதான் இருந்தது. இனி அதைப் பழையபடி சுற்ற முடியாது என்கிற அளவுக்கு நார் நாராகக் கிழித்தான். நார் கையில் குத்தி அரித்தது. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. மாப்பிள்ளை பஞ்சைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உடம்பு சரியில்லையா என்று அக்கறையாக விசாரித்தார். பக்கத்துக் கடையில் தையல் மெஷின் ஓடி ஓடி நின்றது. அது நின்ற போதெல்லாம் தன் நெஞ்சு அடித்துக்கொள்வது வெளியே கேட்டுவிடுமோ என்று பைப்புக்குப் பயமாக இருந்தது.

மாப்பிள்ளை போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார். யாரும் எடுக்கவில்லை. யாரும் கேட்காமலேயே, குளித்துக்கொண்டிருப்பாள் என்று பைப்பு சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் தப்பு உறைத்தது.

"யாருக்குப் போட்டேன்னு நான் சொல்லலையே."

பைப்பு கிழித்த பஞ்சின் மேல் குனிந்துகொண்டான். மாப்பிள்ளை எழுந்தார். குரல் கொஞ்சமும் உயரவில்லை. இருக்கிறபடியே மாட்டிக்கொடு, கிளம்புகிறேன் என்றார். பஞ்சு இல்லாமல் உள்குழாயைச் செருகினால் கடகடவென்று ஆடி உள்ளே சிக்கிக்கொள்ளும் என்றான் பைப்பு. அது ஒன்றுதான் அன்றைக்கு அவன் சொன்ன நிஜம். சரி, வேண்டாம் என்றார் அவர். வெறும் குழாயோடு வண்டி கிளம்பியது.

பட்டறை முழுக்க அதிர்ந்தது. அலமாரியில் இருந்த நட்டுகள் தகரத்தில் குதித்தன. சத்தம் தெருமுனையில் திரும்பி, பெரிய சாலையில் ஏறி, பாலத்தைத் தாண்டித் தேய்ந்து போகிற வரைக்கும் பைப்பு அப்படியே நின்றான். மனைவிக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சீட்டுக்காரர் வந்து என்ன ஆயிற்று என்று கேட்டார். அவன் மறுபடியும் மனைவியின் நம்பரையே அழுத்தினான்.

அங்கே நடந்ததை மனைவி பிறகு சொன்னாள். துணி மூட்டைகளோடு தங்கையின் பையையும் இறக்கியாகிவிட்டது. பாப்பாவும் வேனில் ஏறிவிட்டாள். பாப்பாவின் மூக்குக்கண்ணாடி மேலேயே இருந்துவிட்டது. அது இல்லாமல் குழந்தைக்குக் கை நீட்டும் தூரம்கூடத் தெரியாது என்று தங்கை திரும்ப மேலே ஓடினாள். மெத்தையை உதறித் தேடிக்கொண்டிருந்தபோது தெருமுக்கில் அந்தச் சத்தம் கேட்டது. தேடுவதை விட்டு அங்கேயே நின்றுவிட்டாளாம். பழைய பழக்கத்தில் கை தானாகப் போய் ஜன்னலைச் சாத்தியதாம். கீழே வேனில் பாப்பா மூட்டைகளுக்கு நடுவில் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணி பின்படி ஏறிப் போய்த் தங்கையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினாள். முன்வாசலில் எஞ்சின் அணைந்தபோது வேன் பின்கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. மூக்குக்கண்ணாடி வரவில்லை.

மறுநாள் பைப்பு இடுக்கியில் குழாயைப் பிடித்து ராவிக்கொண்டிருந்தான். கழுத்தில் மூச்சுப் பட்டது போல இருந்தது. திரும்பினான். மாப்பிள்ளை நின்றிருந்தார். வாசலில் வண்டி. யாரோ வேறு ஆளிடம் கொடுத்துப் புதுச் சைலன்சர் மாட்டியிருந்தார். அவர் கத்தியிருந்தால் பைப்பும் கத்தியிருப்பான். அவர் கத்தவில்லை. எங்கே என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றான். அவர் மேஜை மேல் கிடந்த துளைபோட்ட குழாயை எடுத்து, உள்ளே ஊதிப் பார்த்து, இருந்த இடத்திலேயே நேராக வைத்தார்.

"நான் தேடிக்கிறேன் மச்சான். அவசரமில்ல."

தங்கை வேறு ஊரில், அண்ணியின் தோழி நடத்தும் சலவைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். போலீஸ், வக்கீல், கோர்ட் என்று அலைந்து, அவர் கிட்டே வரக்கூடாது என்று உத்தரவும் வாங்கியாயிற்று. மாப்பிள்ளை நீதிபதிக்கு வணக்கம் சொல்லிவிட்டு அமைதியாக இறங்கிப் போனார். அந்த ஊரின் பெயரைப் பைப்பு தன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. வேலை நேரத்தில் வாசலுக்கு முதுகைக் காட்டி நிற்க முடியாமல், பட்டறை மேஜையை இடம் மாற்றிப் போட்டுக்கொண்டான். ஏன் என்று கேட்ட சீட்டுக்காரரிடம் வெளிச்சம் போதவில்லை என்றான்.

போன வாரம் பாப்பாவைப் பார்க்கக் கிளம்பியிருந்தான். அவள் கேட்டிருந்த சக்கரக் காலணிகள் ஹேண்டில்பாரில் தொங்கிய பையில் இருந்தன. பெட்ரோல் போட வரிசையில் நின்றான். பக்கத்தில் ஒரு வண்டி நின்றிருப்பதை அவன் கவனிக்கவே இல்லை.

"நல்லா இருக்கியா மச்சான்? எங்க, வெளியூரா?"

மாப்பிள்ளையின் பார்வை பையின் மேல் இருந்தது. இல்லை, சும்மா பக்கத்தில்தான் என்றான் பைப்பு. அவர் தலையாட்டிவிட்டு, அவனை முன்னால் போகும்படி கையைக் காட்டினார். பைப்பு பெட்ரோல் போட்டுக்கொண்டு பட்டறைக்கே திரும்பினான். வழியெல்லாம் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வந்தான். பின்னால் யாரும் வரவில்லை. வந்தாலும் கேட்டிருக்காது.

தன் போனை நம்பாமல் சீட்டுக்காரரின் போனை வாங்கி, இந்த வாரம் வர முடியவில்லை என்று பாப்பாவிடம் சொன்னான். அடம் பிடிப்பாள், அழுவாள் என்று பேச்செல்லாம் தயாராக வைத்திருந்தான். அவள் சரி மாமா என்றாள். ஏன் என்று கேட்கவில்லை.